ஜோஸ்லின் அக்காவின் ஓட்டைப் பாராசூட்

ஏற்காட்டில் பொம்மை விற்பவர்களுக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. வாங்கியவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அடிவாரம் போய்ச் சேரும் வரை பொம்மை தாங்கினால் போதும். அதற்கப்புறம் கை ஒடிந்தாலும் கழுத்து கழன்றாலும், அதற்காக யாரும் மறுபடி மலையேறி வந்து சண்டை போடப் போவதில்லை. இந்தத் தர்மத்தை ஒரு நாளும் தவறாமல் காத்து வருபவர் எங்கள் கோவிந்தராஜ் முதலாளி. சேலத்திலிருந்து மூட்டையாக வாங்கி வந்து ஏரிக்கரையில் ஒரு கடையும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கிற லேடீஸ் சீட் முனைக்குப் போகிற வழியில் ஒரு கடையும் போட்டு நடத்துகிறார். ஒண்டிக்கடை என்ற இடத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளும் அவருடையவைதான். அதில் ஒன்றில் நான் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். அடுத்த அறையில் ஜோஸ்லின் அக்கா தையல் மெஷின் போட்டிருந்தார்.

அக்காவுக்கு வீடு கொட்டச்சேட்டில். கணவர் எல்வின் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர். அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அக்காவே பேசிவிடுவதால் அவர் அதிகம் வாய் திறப்பதில்லை. அக்கா காலையில் பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பார், ஜிப் மாற்றுவார், மழை மாதங்களில் குடை ரிப்பேரும் பார்ப்பார். கை நேர்த்தியான கை. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கை இல்லை, வாய். யாராவது கீழே சேலத்தில் வாங்கிய சட்டையைக் கொண்டு வந்தால் அதை உள்பக்கமாகத் திருப்பி, தையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு நிதானமாகக் கேட்பார்.

“ஏனுங்க, இதத் தெச்சவங்க நல்லா இருக்காங்களா? கைக்கு ஏதும் அடி பட்டிருச்சுங்களா?”

அந்த ‘ங்க’ தான் தைக்கும். மரியாதை ஒரு இழை குறையாது, மானம் மட்டும் போய்விடும். சர்ச் ஃபாதருடைய அங்கியின் மடிப்பைக் கூட அவர் விட்டு வைத்ததில்லை. என் கடைப் பலகை கோணலாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே என்னை மூன்று முறை ஏணி ஏற வைத்தார். இப்போதும் கோணல்தான் என்கிறார்.

போன மே மாதம், சீசன் கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்ப் பெண்மணி ஒருவர் அழுகிற பிள்ளையோடு அக்காவின் அறைக்கு வந்தார். கையில் கோவிந்தராஜ் கடையில் வாங்கிய பாராசூட் பொம்மை. ஒரு பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய், அவன் தலைக்கு மேல் தக்காளி கட்டிக் கொடுக்கிற பைத் தாள். பிள்ளை தூக்கி வீசியிருக்கிறது. சிப்பாய் நேராக வந்து தரையில் மோதித் தலையை விட்டுவிட்டான். நூலாவது கட்டித் தர முடியுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

அக்கா அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்தா கோவிந்தராஜ் தெருவில் வர வேண்டும்? அக்கா பொம்மையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருவே கேட்கும்படி, ஏனுங்க, இது பாராசூட்டுங்களா, இல்ல கல்லுக்குத் தொப்பி போட்டிருக்கீங்களா என்று கேட்டார்.

கோவிந்தராஜுக்கு முகம் சிவந்தது. ஏற்கெனவே அந்த அறையின் மேல் அவருக்கு ஒரு கண். ‘ஹோம் மேட்’ சாக்லேட் விற்கிற ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த சாக்லேட் எந்த ஊர் எந்த வீட்டில் செய்ததென்று ஆண்டவருக்குத்தான் தெரியும், ஆனால் அவர் தருவதாகச் சொன்ன வாடகை கூடுதல். அக்காவைக் கிளப்ப ஒரு சாக்கு இல்லாமல்தான் முதலாளி தவித்துக்கொண்டிருந்தார். சாக்கு தானாகத் தேடி வந்தது.

“பேசறது லேசும்மா. நீயே ஒண்ணு செஞ்சு காட்டு. வீசினா மெதுவா வந்து கீழ விழணும். அதுவும் ஏழை பாழைங்க வாங்கற வெலைல. லேடீஸ் சீட்டுல நாலு பேருக்கு முன்னால வீசு. கீழ விழுந்துதுன்னா இந்த ரூமைப் பத்தி நான் வாயே தொறக்கல. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

“சரிங்க,” என்றார் அக்கா.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நாங்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். அந்த அறை போனால் அக்காவுக்குத் தொழிலே போனது போலத்தான். ஒரு யூனிபார்ம் பாவாடைக்கு மடிப்புத் தைக்க எந்தத் தாய் பஸ் பிடித்துக் கொட்டச்சேடு வரை போவாள்?

அன்றைக்கே அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு டீ விலைக்கு மேல் ஒரு பைசா ஆகக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். துணிக்குப் பஞ்சமில்லை. கம்பி ஒடிந்த குடைகள் ஒரு மூலை நிறையக் கிடந்தன. குடையின் உச்சிப் பாகத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டினார். எட்டுத் தையல் ஓரத்திலும் எட்டு நூல். சிப்பாய் வேண்டாம், குழந்தை தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று, புளியங்கொட்டையைச் சின்னத் துணிப் பையில் போட்டுத் தைத்துக் கீழே தொங்கவிட்டார். துணியைச் சுருட்டிப் பையோடு கைக்குள் அடக்கி மேலே வீசினால், உச்சிக்குப் போனதும் தானாக விரிய வேண்டும்.

விரிந்தது. ஆனால் டாஸ்மாக்கிலிருந்து வருகிறவனைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு வந்தது. அக்கா நூலைக் குறைத்தார், கூட்டினார், கொட்டையை எடுத்தார், போட்டார். ஆட்டம் நிற்கவில்லை. காரணம் அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. குடையின் நடுவில் கம்பி நுழைகிற ஓட்டை இருக்கிறதல்லவா? ஓட்டையோடு ஒரு சாமானைக் கையை விட்டு அனுப்புவதா என்று அதற்கு வட்டமாக ஒட்டுப் போட்டு, ஒட்டே தெரியாத மாதிரி தைத்து வைத்திருந்தார். ஊரார் தையலை எல்லாம் பழிக்கிற கைக்கு அந்தக் கௌரவம் வேண்டாமா? ஒரு நாள் அந்த ஒட்டு ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் பாராசூட் ஆடாமல் அசையாமல் நேராக இறங்கியது. உள்ளே அடைபட்ட காற்று ஓரம் ஓரமாகத் தப்பிக்கப் பார்த்ததால்தான் அத்தனை நாளும் ஆடியிருக்கிறது, இப்போது நடுவில் வழி கிடைத்துவிட்டது. அக்கா ஒட்டு முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஓட்டையின் விளிம்பை மட்டும் மடித்துத் தைத்தார்.

வீசிப் பார்த்தது முழுக்க எஸ்டேட்டுக்குள்தான். சாயங்காலம் ஆள் கணக்கு முடிந்ததும் எல்வின் அண்ணன் வந்து வீசுவார். காலையில் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய ரைட்டர், சாயங்காலம் குடைத் துணியை ஆகாசத்தில் எறிந்துவிட்டு அண்ணாந்து நிற்பதைப் பார்த்து காப்பிச் செடிகளே சிரித்திருக்கும். நூறு தடவை வீசினாலும் நூறு தடவையும் காலடியில் வந்து விழுந்தது. அக்காவுக்குத் திருப்தி. ஆனால் ஊரையே குறை சொல்கிற அந்த மூளைக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள் சுவராக நிற்கிற அந்த இடத்தில் ஒரு பொட்டுக் காற்று கிடையாது.

லேடீஸ் சீட்டில் காற்று எப்படி என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல், கீழே சேலத்தில் காய்ந்த வெயிலெல்லாம் சூடான காற்றாகி மலைச் சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரும். பந்தயத்தன்று அக்கா அந்த நேரத்துக்குத்தான் வந்தார். கம்பி வேலியில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறவர்கள், பின்னால் சோளம் சுடுகிற வண்டிக்காரர்கள், எங்கள் தெரு ஆட்கள் எல்லோரும் வேடிக்கைக்கு நின்றோம். கோவிந்தராஜ் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அக்கா பள்ளத்தைப் பார்த்து வீசினார். பாராசூட் விரிந்தது. விரிந்து ஒரு நொடி நின்றது. அப்புறம் மேலே போனது. எங்கள் தலைக்கு மேலே ஏறி, வேலியைத் தாண்டிப் பின்னால் திரும்பி வந்து, சோள வண்டியின் தார்ப்பாய்க் கூரை மேல் சாவகாசமாக உட்கார்ந்தது.

குழந்தைகள் கத்திய கத்தலில் காது அடைத்தது. பள்ளத்தில் எறிந்த பொம்மை திரும்பி வருவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? மறுபடி, மறுபடி என்று குதித்தார்கள். செல்ஃபிக்காரர்கள் கூட முகத்தை விட்டுவிட்டு வானத்தைப் படம் பிடித்தார்கள். அக்கா பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வீசினார். இந்த முறை இன்னும் உயரம் போய், ஒரு தைல மரத்தின் கொப்பில் மாட்டிக்கொண்டது.

கோவிந்தராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் என்னம்மா சொன்னேன்? கீழ விழணும்னு சொன்னேன். ஒண்ணு கூரை மேல, ஒண்ணு மரத்து மேல. விழுந்துதா? நீங்களே சொல்லுங்கப்பா, விழுந்துதா?”

தெரு முழுக்க அவருடைய வாடகைக்காரர்கள். மேலே போய்த் திரும்பி வந்த அதிசயம் கண்ணுக்கு எதிரே நடந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற வீரர்கள் நாங்கள். நல்ல தெரு.

அக்கா மரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். ஒரு அங்குலம் பிசகினாலும் அளவு அளவுதான் என்று மற்றவர்களிடம் கறாராக நின்றவர். தனக்கென்று வரும்போது அளவை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. “சொன்னது சொன்னதுங்க,” என்று சொல்லி, பர்ஸிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். மறுநாள் மெஷின் ஒரு ஜீப்பில் ஏறிக் கொட்டச்சேடு போய்விட்டது. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் யாரையும் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சாக்லேட்காரர் சீசன் முடிந்ததும் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று இழுத்தடித்தார். அறை பூட்டியே கிடந்தது. ஆனால் அன்று எடுத்த வீடியோ மட்டும் பூட்டிக் கிடக்கவில்லை. வாட்ஸப்பில் எங்கெங்கோ போனதில், மலைக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் கோவிந்தராஜ் கடை முன்னால் நின்று, திரும்பி வருகிற பாராசூட் எங்கே என்று கேட்க ஆரம்பித்தன.

கேட்டால் விடுவாரா? மரத்தில் மாட்டியதை ஆள் ஏற்றி எடுத்து, சேலத்துக்குக் கொண்டு போய் அதே மாதிரி ஒரு மூட்டை தைத்து வாங்கி வந்தார். ஒரே ஒரு திருத்தம் செய்தார். ஓட்டை இருந்தால் டேமேஜ் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள் என்று அதை அடைக்கச் சொல்லிவிட்டார். லேடீஸ் சீட்டில் பிள்ளைகள் வீசின. பாராசூட்டுகள் தள்ளாடிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குள் போயின. வாங்கியவர்கள் முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கூடப் போகவில்லை. நேராகக் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். முதலாளியின் தொழில் தர்மத்துக்கு அப்படி ஒரு சோதனை அதுவரை வந்ததில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் வந்து, கொட்டச்சேட்டில் வீடு எது என்று காட்டச் சொல்லி என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அக்கா குவார்ட்டர்ஸ் வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தார். ஊர் க்ஷேமம் விசாரித்தார். கோவிந்தராஜ் சுற்றி வளைத்து, நடந்தது நடந்துவிட்டது, இனி பாராசூட் எவ்வளவு தைத்தாலும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“ஏனுங்க, விழாத சாமானத்த வாங்கிட்டுப் போயி என்னங்க பண்ணுவீங்க?”

அக்கா உள்ளே போய் ஒரு சிவப்புப் பாராசூட்டைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். சரக்கைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கலாமா, நீங்களே வீசிப் பாருங்கள் என்றார்.

கோவிந்தராஜ் வாசலில் இறங்கி நின்று வீசினார். நல்ல உயரம். சில்வர் ஓக் இலை ஒன்றுகூட அசையவில்லை. சிவப்புத் துணி விரிந்து, ஆடாமல், ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கி, அவருடைய செருப்புக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தது. புளியங்கொட்டைப் பை மெல்லச் சாய்ந்தது.

“விழுந்துதுங்களா?” என்று கேட்டார் அக்கா.

முதலாளிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. லேடீஸ் சீட் என்று அல்லவா பேச்சு என்று முனகிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவருக்குச் சாட்சி சொல்ல என்னை விட்டால் அங்கே ஆள் இல்லை.

“கீழதானுங்க விழுந்துது, மொதலாளி,” என்றேன்.

அக்கா கையை நீட்டினார். கோவிந்தராஜ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அந்த அறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தார். அது வருவேனா என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தை விட்டு நெம்பினார்.

“மெதுவா எடுங்க,” என்றார் அக்கா. “நான் எங்கயும் பறந்து போயிர மாட்டேனுங்க.”