பின்னால் வைத்த கால்

ராசம்மாளுக்கு ஊசி மேல்தான் நம்பிக்கை. பக்கவாதத்தில் இடது கால் விழுந்தபோது, அக்குபங்சர் ஊசி குத்தினால் சரியாகிவிடும் என்று சொந்த ஊரான பூதலூரில் யாரோ சொன்னார்கள். ஆனால் தஞ்சாவூரில் டாக்டர் சஃபியா ஊசிகளை எடுத்த கையோடு, பயிற்சி கொடுக்கும் தமிழ்மாறன் வந்து நிற்கச் சொன்னான்.

"ஊசி போட்டா படுக்க விடுவாங்க தம்பி. நீ வேலைக்கு இழுக்கிற."

"ஊசி பாதிதாம்மா. மீதி நம்ம பாடு. வாங்க."

இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றாள். முன்னால் வைக்கச் சொன்னால் கால் தரையைத் தேய்த்தது. வாரக்கணக்கில் இதேதான். பஸ்ஸில் ஏறி இறங்குவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது.

சுவரோரம் மகள் சுடர்விழி நின்றாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. மாசக் கடைசியில் சேர வேண்டும். சோறு எதிர்வீட்டு செம்மொழி கொடுத்துவிடுவாள். கொல்லைக் கக்கூசுக்குத் தூக்கிப்போக யாரைக் கேட்பது? இவள் போகாவிட்டால், படிக்க வைக்க ராசம்மாள் வெயிலில் குனிந்து கிடந்ததெல்லாம் எதற்கு? இரண்டு பேரும் இதைப் பேசிக்கொள்வதில்லை.

"போதும், உட்காருங்க," என்றான் தமிழ்மாறன். நாற்காலி பின்னால் இருந்தது. ராசம்மாள் லேசாகக் குனிந்து பின்னால் நகர்ந்தாள். இடது கால் எழும்பியது. விரல் முதலில் தரையைத் தொட்டது, பிறகு குதிகால் இறங்கியது.

தமிழ்மாறன் நாற்காலியை அப்பால் இழுத்தான். "இன்னும் பின்னாடி வாங்க."

வந்தாள்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"நடவு. சேத்துல பின்னாடியேதான் போவோம். முன்னாடி வச்சா நட்ட நாத்தை மிதிச்சிடுவோமே."

"உங்க வண்டிக்கு ரிவர்ஸ் கியர்தான் விழுது. அதையே பிடிச்சுப்போம். முன்னாடி மெல்ல வரட்டும்."

அன்று முதல் ஊசிக்குப் பிறகு அதுவே பயிற்சி. முன்னால் வைக்கும்போது மட்டும் கால் இன்னும் இழுத்தது. சுடர்விழி கொல்லையில் கக்கூஸ் வாசல் வரை இருபுறமும் மூங்கில் கட்டினாள்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, ராசம்மாள் மூங்கிலைப் பிடித்தபடி, அவளைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போனாள். கை கொடுக்க வந்தவளிடம், "தொடாதடி" என்றாள். போய்ச் சேர்வதற்குள் நைட்டி முதுகில் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சுடர்விழி கதவருகே வந்து காது கொடுத்தாள்.

"அம்மா?"

"இருக்கேன். மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நீ போய்த் துணிமணியை எடுத்து வை."