தாழ்ப்பாள் ஓட்டையில் காலண்டர் தாள்

என் பிழைப்பு தாழ்ப்பாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, தீப்பிடித்தாலும் கதவை விடாமல் பிடித்துக்கொள்ளும் தாழ்ப்பாள்களை வடிவமைக்கிறேன். இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எங்கள் மந்தைவெளி குடியிருப்பின் வாட்ச்மேன் அதை இப்படிக் கேட்டார்: "இன்னாம்மா, நெருப்பு புட்ச்சா கதவு தொறந்துக்கணும். நீ மூடிக்கறதுக்குக் கண்டுபுட்ச்சிக்கினு கீறியே?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்குவேன். படிக்கட்டுக் கதவு மூடியிருந்தால்தான் புகை உள்ளே போகாது, ஜனங்கள் இறங்கிப் பிழைக்கலாம். இது பூட்டு இல்லை. கைப்பிடியை அழுத்தினால் எந்நேரமும் திறக்கும். ஆனால் சூட்டில் கதவு வளைந்து, தாழ்ப்பாளின் நாக்கு சட்டத்து ஓட்டையிலிருந்து நழுவிவிட்டால் எல்லாம் போச்சு. நான் முதலில் செய்தது உலைச் சோதனையில் அப்படித்தான் நழுவியது. அடுத்ததற்கு நாக்கைத் தடிமனாக்கி, நீட்டி, பின்னால் இரண்டு முரட்டு ஸ்பிரிங் வைத்தேன். அசையவே இல்லை. "கைப்பிடி ரொம்ப டைட்டா கீது மேடம்" என்றார் பட்டறை ஃபிட்டர். தீயில் நிற்கிறதா இல்லையா, அதை மட்டும் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தத் தாழ்ப்பாளை எங்கள் குடியிருப்பின் எல்லா மாடிகளிலும் படிக்கட்டுக் கதவுகளில் சண்டை போட்டுப் பொருத்த வைத்தேன். காரணம் அப்பா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன; இடது கையில் தடியோடு ஐந்தாம் மாடி வீட்டுக்குள் நடமாடுவார். அம்மா இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பார். கீழே மீட்டர் அறையில் ஒரு பொறி கிளம்பினால் இந்த மனிதர் என்ன ஆவார்? நெருப்பு வந்தால் லிஃப்டில் ஏறக்கூடாது, படிக்கட்டுதான் என்று அவரிடம் ஓதிக்கொண்டே இருப்பேன். தனியாகப் படிக்கட்டுப் பக்கம் போகாதீர்கள் என்றும் அதே மூச்சில் சொல்வேன்.

பொருத்திய மறுவாரமே ஆரம்பித்தது. சாயங்காலம் நான் வந்து பார்த்தால், எங்கள் மாடிக் கதவுச் சட்டத்தின் ஓட்டையில் காகிதம் திணித்திருக்கும். நாக்கு நுழைய இடமில்லாமல் கதவு சும்மா ஒப்புக்குச் சாத்தி நிற்கும்; தள்ளினால் திறந்துகொள்ளும். பிடுங்கி எறிவேன். மறுநாளும் அதே கதை. என்ன ஜென்மங்களோ!

எதிர்வீட்டு மாமி மேல்தான் சந்தேகம். நேரே போய்க் கேட்டேன். "நான் எதுக்குடீ அடைக்கப்போறேன்? மத்தியானம் செத்த கண்ணை மூடிண்டா டக்கு டக்குனு சத்தம் கேக்கறது, வாஸ்தவம்தான். அதுக்காக இப்படியா பண்ணுவா?" என்றார். நான் நம்பவில்லை. குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போய் ஆடித் தீர்த்தேன். 'உயிர் காக்கிற பொருளில் குப்பையைத் திணிக்கும் அந்தப் புத்திசாலி யார்?' என்று எழுதினேன். 'படித்தவர்கள் இருக்கும் இடம்தானே இது?' என்று இன்னொன்று. அப்பா மட்டும் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் போட்டிருந்தார். இவருக்காவது அக்கறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், படம் எடுத்துக் குழுவில் போட்டு மானத்தை வாங்கலாம் என்று, பிடுங்கிய காகிதத்தைப் பிரித்தேன். தினசரி காலண்டர் தாள். ராகு காலத்துக்குக் கீழே, ஓரத்தில், 'கேஸ் புக் பண்ணணும்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் மடிப்பு கண்ணில் பட்டது. நீளவாக்கில், ஒரு விரல் அகலத்துக்கு. பஸ்ஸில் கண்டக்டர்கள் நோட்டை மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார்களே, அதே மடிப்பு.

உள்ளே போய்த் தாளை அப்பா முகத்துக்கு நேரே ஆட்டினேன். "என்னப்பா இது?"

"காலண்டர் தாள்."

"நக்கலா? உங்களுக்காகத்தானே நாயா அலைஞ்சு அந்தத் தாழ்ப்பாளையே போட வெச்சேன்! என்னை ஊரையெல்லாம் திட்ட விட்டுட்டு, கட்டைவிரல் வேற!"

"கத்தாதம்மா. படியில எறங்கிப் பழகறேன். நெருப்பு வந்தா லிஃப்ட் கூடாதுன்னு நீதானே சொல்றே? அப்ப நான் எப்படி எறங்கறது? மொதல்ல ரெண்டு படி எறங்கினேன். இப்ப நாலாவது மாடி வரைக்கும் போயிட்டு வரேன்."

"அதுக்கு எதுக்கு ஓட்டையை அடைக்கணும்?"

"உன் கதவு எனக்குத் தொறக்கலம்மா. ஒரு கையில தடி. இன்னொரு கையால அழுத்தினா கைப்பிடி நகரவே மாட்டேங்குது. யாராவது தொறந்து போறப்ப தாளைச் செருகி வெச்சுக்குவேன். உங்கிட்ட சொன்னா மனசு சங்கடப்படுவேன்னுதான்..."

வந்த கோபத்தை எவர் மேல் காட்டுவது? வரைந்தவள் நான், ஃபிட்டர் வாயை அடைத்தவள் நான், பெருமையடித்துக்கொண்டவளும் நான். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால், நான் செய்த கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு அப்பா இந்தப் பக்கமே நின்றிருப்பார். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிறகு போய் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "போறதுடீ. அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் கொறைச்சுடு" என்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்" என்றார் ஃபிட்டர். சொல்லாமல் இருப்பாரா? நாக்கைத் தொடாமல் ஸ்பிரிங்கை மெலிதாக்கி, கைப்பிடியை நீளமாக்கினோம். முதல் மாதிரியை அழுத்திப் பார்த்து அப்பா உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது உலையிலும் தேறி, அவர் கையிலும் தேறியது. அதைக் கொண்டுவந்து எங்கள் மாடிக் கதவில் பொருத்தினேன்.

கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். வலது முழங்கையை வைத்து அழுத்தினார், கைப்பிடி இறங்கியது. "ரைட், போலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டு, நாக்கு டக்கென்று ஓட்டைக்குள் விழுந்தது. தடி ஒவ்வொரு படியாக ஊன்றும் சத்தம் கொஞ்சம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவ்வளவு கச்சிதமாக மூடியிருந்தது என் கதவு. பாழாய்ப்போன அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து, அடியில் செருகி வைப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காதா என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தேன்.