சிவப்பு எழுத்தை எடுக்க மாட்டேன்

மாமாவின் அறுவடை மெஷினைக் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜ்களைப் படித்து, யார் வயலுக்கு எப்போது என்று வரிசை போடும் புரோகிராம் நான் எழுதியது. மெசேஜ் எப்படி இருக்கும் என்ற விதிகளை நான் கொடுத்தால், அதைப் படித்துப் பிரிக்கும் பகுதியான பார்சரை, பார்சர் ஜெனரேட்டர் என்ற கருவியே ஆக்கித் தந்துவிடும்.

புரியாத வரி வந்தால் சிவப்பில் காட்டும். "பேஜாரா கீது, எடுத்துடு" என்றார் மாமா. எடுத்தேன். பிறகு புரோகிராம் புரியாத வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது.

இன்று காலை சாலவாக்கத்திலிருந்து பார்வதி அக்கா வந்தார்.

"இன்னாண்ணா, எங்க தெருவுல அல்லாருக்கும் முறை வந்துச்சு. என் நெல்லு சாஞ்சிக்கினு கீது, வானம் வேற இருட்டுது."

"நீ மெசேஜே அனுப்பலியே" என்றார் மாமா.

அக்கா போனை நீட்டினார். 'ஒன்றரை காணி' என்று இருந்தது. காணி எங்கள் பக்கத்துப் பழைய நில அளவு; என் விதியில் ஏக்கர் மட்டும்தான்.

"ஏக்கர்னு போட்டிருக்கணும்" என்றார் மாமா.

அவர் எதிரில் நான் பேசுகிறவள் இல்லை. இன்று பேசினேன்.

"அக்கா மேல தப்பில்ல மாமா. புரியலன்னு சொல்லாம வுட்டதுதான் தப்பு."

"ஒன்பதாவதோட நின்னதுக்கு வாயப் பாரு."

அங்கேயே உட்கார்ந்து காணியைச் சேர்த்தேன். அக்காவுக்கு மாலையே முறை விழுந்தது. சிவப்பையும் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது புரோகிராம் எந்த வரியில் எது புரியவில்லை என்று சொல்லிவிட்டு, மற்ற வரிகளைத் தொடர்ந்து படிக்கும்.

உடனே ஒரு வரி சிவந்தது. ஒருவர் அளவே போடாமல் 'ஏரிக்குக் கீழ கீது' என்று எழுதியிருந்தார்.

"பாரு, மறுபடியும் சிவப்பு. எடு."

"எடுக்க மாட்டேன். அவருக்குப் போன் பண்ணுங்க மாமா."

உங்கள் ஊரில் நிலத்தை எந்த அளவில் சொல்வீர்கள்? கமென்டில் எழுதுங்கள், சேர்க்கிறேன். அதுவரை, புரியாததைப் புரியவில்லை என்று என் புரோகிராம் ஒப்புக்கொள்ளும். அந்த விஷயத்தில் அது மாமா மாதிரி இல்லை.