பாரணைவரை பொறுத்த தலையிடி

கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் மத்தியானம் கிணற்றடியில் குனிந்து வாளியைத் தூக்கினேன். பிடரியில் கோடரியால் போட்டதுபோல் இருந்தது. வாளியை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

விரதத் தலையிடி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"மச்சாளின்ர தலைக்குள்ள சூரன் பூந்திட்டான் போல," என்று கணவரின் தங்கை சிரித்தாள்.

"ஒரு பனடோல் போடுமன்," என்றார் கணவர்.

"பாரணை முடியட்டும்," என்றேன். ஆறு நாளும் தண்ணீர் மட்டும் என்று நேர்ந்திருந்தேன். மாத்திரை விழுங்கினால் விரதம் முறியும் என்று பயம்.

எங்கள் ஊர் சரவணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓடுகிறது. ஆனாலும் போகவில்லை. அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப ஏலாமல் நின்று சூரன்போர் பார்த்தேன். ஏழாம் நாள் விடிய, விரதம் முடிக்கிற பாரணைச் சமையல் ஏழு பேருக்கு. பானை இரண்டாகத் தெரிந்தது. சோற்றை இறக்கியது நினைவிருக்கிறது. பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில்.

"எப்ப தொடங்கினது, அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"முந்தநாள் மத்தியானம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இந்தத் தலையோடயோ சமைச்சனீங்கள்?"

"விரதமெண்டு விட்டிட்டம்," என்றார் கணவர்.

மூளையின் இரத்தக்குழாயில் ஓரிடம் மெலிந்து குமிழிபோல வீங்கி (அனியூரிசம்) வெடித்திருந்தது. இன்னொரு தரம் வெடித்தால் தப்புவது கஷ்டம் என்றார் டொக்டர். இந்த வருத்தம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருமாம். மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கூடுதலாம். எனக்கு ஐம்பத்து நாலு வயது. ஒருவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

"பொம்பிளையளின்ர தலையிடியை வீட்டில ஒருத்தரும் பெரிசா எடுக்கிறேல்லை. பொம்பிளையளும் எடுக்கிறேல்லை," என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்த கட்டிலில் நயினாதீவு அண்ணை ஒருவர். அவருக்கும் இதே வருத்தம். இறங்குதுறையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். சனம் உடனே வள்ளத்தில் ஏற்றி, இரண்டு மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அவர் கடல் கடந்து வந்தார். நான் தரையில் இரண்டு நாள் பிந்தினேன்.

அவருக்கு மண்டையைத் திறந்தார்கள். எனக்குத் தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிச்சுருளை அனுப்பிக் குமிழியை அடைத்தார்கள் (கொயிலிங்). தலையில் ஒரு தையலும் இல்லை. அதனால் வீட்டில் நான் நல்லாகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

மாதங்கள் கழித்து கிளினிக்கில் அந்த நயினாதீவு அண்ணையைக் கண்டேன்.

"ஆறு மாசமா என்னைக் கதிரையை விட்டு எழும்ப விடேல்லை. நீங்கள், தங்கச்சி?"

"வீட்டை வந்து பத்தாம் நாள் குசினிக்குள்ள சமைக்கப் போனனான்."

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு நொடியில், ஒருநாளும் வராத மாதிரித் தலையிடி வந்தால் எதற்கும் பொறுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முந்தி எனக்குத் தலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கையும் காலும் வேலை செய்தால் போதும். இப்போது வலிக்காத நேரத்திலும் அதற்குக் காது கொடுக்கிறேன். காலை பத்து மணிக்கே உடம்பு படு என்கிறது. முந்தி அது உலை வைக்கிற நேரம். இப்போது படுக்கிறேன்.

நேற்றும் கணவரின் தங்கை அறை வாசலில் நின்று கேட்டாள். "என்ன மச்சாள், இண்டைக்குச் சமையல் இல்லையோ?"

நான் கண் திறக்கவில்லை.

"உம்மட அண்ணரைக் கேளும்."