புளித்த தேயிலை

பயணிகள் ருசிக்க வேண்டிய பர்மிய உணவுகளைப் பற்றி என் சேனலுக்கு வீடியோ எடுக்க கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணி நான்கு மேசை போட்டு பர்மியக் கடை நடத்திவந்தார். நான் பர்மாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற இளக்காரத்துடன்தான் உள்ளே நுழைந்தேன்.

மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்காவை, "ரசத்தில் விழுந்த இடியாப்பம்" என்று கேமராவிடம் கேலி செய்தேன். அடுத்து வந்தது லபெத்தோ. தேயிலையோடு வறுத்த பருப்பும் பூண்டும் கலந்த சாலட். வாயில் வைத்ததும் புளித்தது.

"கெட்டுப்போனதையா டூரிஸ்டுக்குக் கொடுக்கறீங்க?" என்று கத்தினேன். பக்கத்து மேசைத் தம்பதி தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தப் பெண்மணி என் எதிரே உட்கார்ந்து, என் தட்டை இழுத்து, மீதியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"சாரே, தேயிலையை மாசக்கணக்கா புளிக்க வச்சுத்தான் இதைச் செய்யறது. என் அம்மை ரங்கூன்ல பொறந்தவளாக்கும். அங்க விருந்தாளிக்கு மரியாதையா கொடுக்கறதே இதுதான்."

"ருசி ஆளுக்கு ஆள் மாறும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன். அதோடு விட்டேனா? அவர் பேசியதை வெட்டிவிட்டு, நான் கத்தியதை மட்டும் வெளியிட்டேன். ஏராளமானோர் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அதை நீக்கிவிட்டு, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். காலியான மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எங்கிட்ட எதுக்கு சாரே? கேமராவைப் பாத்துச் சொல்லுங்க."

அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை. கத்துவதற்கு மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.