கல்கண்டுக்கு வைத்த காந்தம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேஜையில் எறும்புகளுக்கு ஒரு விருந்து நடந்தது. விருந்து வைத்தவன் நான்தான்!

காரணம்? பொறாமை.

எட்டாவது படிக்கும் என் மகள் சஹானா எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பாள். இடி ஏன் மின்னலுக்குப் பிறகு வருகிறது... பல்லி ஏன் கீழே விழுவதில்லை... நான் பத்தாவதோடு படிப்பை விட்டு ஹெப்பாள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை விசாரித்து வந்து சொல்வேன்.

இப்போதோ நேரே மாடி ஏறிவிடுகிறாள். மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பூர்ணிமா ஒரு லேபில் படிகங்களை ஆராய்கிறவர்.

"பலமான காந்தத்துக்குள்ள வெச்சா படிகத்தோட வடிவமே மாறுமாம்பா! அக்கா எக்ஸ்ரே வெச்சுக் கண்டுபிடிக்கிறாங்க!"

அக்கா, அக்கா, அக்கா! பிஸிபேளேபாத்கூட அக்கா செய்தால்தான் ருசியாம்.

காந்தம்தானே? விடுவேனா? தேவராஜ மார்க்கெட் பக்கம் அலைந்து, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வாங்கிவந்தேன். அதன்மேல் பெரிய கல்கண்டு ஒன்றை வைத்தேன். அதுவும் படிகம்தானே?

"இப்பப் பாரு!" என்றேன்.

பார்த்தோம். காபி ஆறியது. கல்கண்டு அப்படியே இருந்தது. எறும்புதான் வந்தது.

சஹானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சும்மனே இருங்கப்பா! அக்கா லேப் காந்தத்துக்கு முன்னாடி இது கொசு. அதோட, மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ உங்க அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரியுதாம்?"

எரிச்சலில்தான் கேட்டேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்குமாம். எக்ஸ்ரே கதிர்கள் அவற்றில் பட்டுச் சிதறி, எதிரே உள்ள திரையில் கோலப் புள்ளிகள் மாதிரி ஓர் ஒழுங்கில் விழுமாம். சில படிகங்களை மிகப் பலமான காந்தத்தில் வைத்தால், அணுக்கள் துளியிலும் துளி நகரும். உடனே புள்ளிகளும் இடம் மாறும். புள்ளி எவ்வளவு தள்ளிப்போனது என்று அளந்தால், உள்ளே நடந்தது தெரிந்துவிடும்.

"புரிஞ்சுதாப்பா?"

நன்றாகப் புரிந்தது. ஆனால் அவள் இப்படி என்னோடு உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாயிற்று!

"இல்லம்மா... இன்னொரு தடவை சொல்லேன்."

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா, பிள்ளைகளே? எங்கே போகும்! இப்போதும் அவள் மாடி ஏறும் சத்தம் கேட்டால் எனக்குள் ஏதோ சுருக்கென்கிறது. ஆனால் அவள் இறங்கி வந்ததும் கேட்பதற்கு ஒரு கேள்வி தயாராக வைத்திருக்கிறேன்.

பாதிக் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியும் - அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்!