கேட்டுக்கு வெளியே நான்கு மணி நேரம்

அப்பாவு டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் ஒரு இணைப்புக்காக ஐந்து வருஷம் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. லாட்ஜ் முதலாளிகளும் எஸ்.டி.டி. பூத் வைக்க ஆசைப்பட்டவர்களும் அவரைத் தேடி வந்து கெஞ்சுவார்கள். "லிஸ்ட்ல உன் பேரு எங்க கீதோ அங்கதான் உனக்கு லைனு" என்று சொல்லிவிட்டு அவர் கம்பத்தில் ஏறிவிடுவார். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காத்திருப்போர் பட்டியலின் மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்தது சத்தியவேடு பக்கத்துக் காலனி ஒன்றில். அவர் நைனா என்று கூப்பிட்ட தகப்பன், ஊர் ரெட்டி வீட்டுப் பண்ணையாள். பஞ்சாயத்து போட்ட குழாயின் சாவி ரெட்டி வீட்டு ஆணியில் தொங்கியது. அவர்கள் மனசு வைத்த அன்று காலனிக்குத் தண்ணீர் வரும். யாராவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டால் மூன்று நாளைக்கு வராது. வேலையில் சேர்ந்து, சீனியாரிட்டிப் பட்டியலில் தன் பெயருக்குக் கீழே ஒரு ரெட்டியின் பெயரைப் பார்த்த அன்று அப்பாவு ஒன்றை முடிவு செய்துகொண்டார். எழுதி ஒட்டினால் எல்லோரும் ஒன்றுதான். எழுதாத இடத்தில்தான் ஆள் பார்ப்பார்கள்.

2003-ல் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் திருச்சானூர் சாலையில் அலர்மேல் ரெசிடென்சி என்ற நாலு மாடிக் கட்டிடத்தில் முதல் மாடி வீடு ஒன்றை வாங்கி, மனைவி செங்கம்மாவோடு குடிவந்தார். மகன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தான். இருபது வீடுகளில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஐதராபாத்திலோ. ஒருவருக்கொருவர் ஊர் தெரியாது, குலம் தெரியாது. அப்பாவுக்கு அதுவே பிடித்திருந்தது. வந்த ஆறாம் மாதம் அவரை அசோசியேஷன் செக்ரட்டரி ஆக்கினார்கள்.

நன்றாகவே நடத்தினார். கார் நிறுத்தும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். தண்ணீர் லாரி வரும் நாளில் எந்த வீட்டுக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடையாது. வேலைக்காரப் பெண்கள் லிப்டில் ஏறக்கூடாது என்று ஒரு வீட்டார் கிளம்பியபோது, "அப்டின்னா நானும் ஏறல, எங்க அம்மாவும் இந்த வேலதான் செஞ்சாங்க" என்று கூட்டத்திலேயே சொன்னார். அந்தப் பேச்சு அதோடு அடங்கியது.

பிரசிடெண்ட் சந்திரசேகர் லாட்ஜ் வைத்திருந்தவர். இந்தக் கட்டிடத்திலும் அவருக்கு மூன்று வீடுகள். ஒன்றில் தாயோடு குடியிருந்தார். மற்ற இரண்டையும் சாமி பார்க்க வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். 2005-ல் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது கீழே பார்க்கிங்கில் உடலைக் கிடத்திப் பந்தல் போட்டார்கள். கார்கள் இரண்டு நாள் நகரவில்லை. யாத்திரை வந்த குடும்பங்கள் சகுனம் சரியில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அடுத்த கூட்டத்தில் சந்திரசேகர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது இடத்தில் பிணம் வைக்கக்கூடாது. வைப்பதென்றால் அவரவர் வீட்டுக்குள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம்.

அப்பாவு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது எல்லாருக்குந்தானே சார்?"

"எல்லாருக்குந்தான் அப்பாவு காரு. எனக்கும் சேர்த்துத்தான்."

அப்பாவு தெலுங்கில் எழுதி, கையெழுத்துப் போட்டு, லிப்ட் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த வருஷம் மே மாதம், நாலாம் மாடி கங்கையா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். குப்பம் என்ற ஊரில் கிரானைட் அறுக்கும் ஆலையில் இருபது வருஷம் நின்றவர். கல்தூசி நுரையீரலை அரித்துவிட்டது. சென்னையில் வேலை பார்த்த மகள் யமுனா, தன் நைனாவுக்கு வைத்தியம் பார்க்க வசதியாக இருக்கும் என்று திருப்பதியில் அந்த வீட்டை வாங்கியிருந்தாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்தது. முன்சீட்டிலிருந்து கங்கையாவின் மனைவி மல்லிகா இறங்கினாள். கூட அவள் தம்பி ஒருவன் மட்டும்.

"அண்ணா, யமுனா பஸ்ல வந்துக்கினு கீறா. குப்பத்துலேர்ந்து எங்க ஜனம் ஜீப் வெச்சிக்கினு வராங்க. மூணு, நாலு மணிக்குள்ள வந்துடுவாங்க. அதுவரிக்கும் கீழ ஒரு ஓரமா வெச்சிக்கிறோம்."

அப்பாவு சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். மல்லிகாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரே வாசித்துச் சொன்னார்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்மா. அதுக்குத் தட இல்ல."

"லிப்டுல ஸ்ட்ரெச்சரு போவாதே அண்ணா. நாலு மாடிப் படி. தூக்கறதுக்கு இவன் ஒருத்தன்தான் கீறான்."

அப்பாவு சந்திரசேகருக்குப் போன் செய்தார். "நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? ஒருத்தருக்கு விட்டா அப்புறம் எல்லாருக்கும் விடணும்" என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தில் அப்பாவுவால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் வாயிலிருந்தே வந்திருக்கக்கூடிய வாக்கியம் அது.

செங்கம்மா இறங்கி வந்தாள். கணவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"நம்ம வூட்டு ஹால்ல வெச்சிக்கட்டுமே. பன்னெண்டு படிதான? நான் சோபாவ நவுத்திடறேன்."

"செக்ரட்ரி வூட்லயே வெச்சா, ரூல்ஸுக்கு இன்னா மதிப்பு? நாளைக்கி எல்லாரும் நம்ம வூட்டத்தான் காட்டுவாங்க. நீ மேல போ."

செங்கம்மா மேலே போனாள்.

ஆம்புலன்ஸ்காரர் வேறு கேஸ் இருக்கிறது என்றார். எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து தன் பெஞ்சைச் சுவரோரம் போட்டுக்கொடுத்தார். கங்கையாவை அதில் கிடத்திவிட்டு வண்டி போய்விட்டது. சுவரின் நிழல் பெஞ்சில் பாதிக்குத்தான் விழுந்தது. மல்லிகா கால்மாட்டில் மணல் குவியல்மேல் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டினாள். தம்பி கோபத்தில் கேட்டைப் பிடித்து உலுக்கியபோது, "உட்றா. எல்லாருக்கும் ஒரே ரூல்ஸாம். சும்மா இரு" என்று அவளே அடக்கினாள். பால்கனிகளில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அப்பாவு கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடப் போகவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை. அப்படி நிற்பது தன் பங்குக்கு ஒரு மரியாதை என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றரைக்கு யமுனா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் ஆபீஸ் பை. ரோட்டோரப் பெஞ்சில் கிடப்பது தன் நைனா என்று அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஏழுமலை காதைப் பொத்திக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய்விட்டான். பின்னாலேயே ஜீப் வந்தது. அங்கிருந்தே மயானத்துக்கு எடுத்துப் போனார்கள்.

ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சந்திரசேகரின் தாய் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை வைத்த கண்ணாடிப் பெட்டியோடு ஒரு வேன் கேட்டுக்கு வந்து ஹாரன் அடித்தது. பந்தல்காரர்களின் வண்டி அதற்குப் பின்னால்.

ஏழுமலை செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்தான். "சார், தொறக்கவா?"

அதற்குள் சந்திரசேகரே வந்துவிட்டார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அப்பாவுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அப்பாவு காரு, எங்க அம்மா... எங்க அம்மா..."

காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். தாயை இழந்து நிற்பவனிடம் காட்ட அவருக்குக் கை வரவில்லை. தாழ்ப்பாளை அவரே விலக்கினார். நனைந்த இரும்புக் கேட் ஒரு தள்ளில் திறந்துகொண்டது. இவ்வளவு சுலபமா என்று ஒரு கணம் திகைத்துப்போனார். பார்க்கிங்கில் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குப் பொது மின்பலகையிலிருந்து கரண்ட் இழுத்தார்கள். நூறு நாற்காலி வந்து இறங்கியது.

பதினொரு மணிக்கு மல்லிகா கடையிலிருந்து திரும்பினாள். பெட்டியைப் பார்த்து நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, கிழவியின் முகத்துக்கு நேராகக் கைகூப்பினாள். லிப்ட் திறந்திருந்தும் படியேறிப் போனாள்.

சாயங்காலம் அப்பாவு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை; வாசற்படியிலேயே நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா."

"இன்னிக்கி தொறந்தது தப்பில்லண்ணா. பொணத்த வெளிய நிறுத்தறதா?" மல்லிகாவின் குரல் உயரவேயில்லை. "இத்தினி நாளு உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ரூல்ஸுன்னு சொன்னீங்க, ஒத்துக்கினேன். என் தம்பியக்கூட அடக்கினேன். எம் பொண்ணு அஞ்சு மாசமா என்னோட சரியா பேசல. நாலு பேரக் கூப்ட்டு தூக்கிக்கினு வந்திருக்கலாமேன்னு என்னத்தான் திட்றா. நானும் எம்மேலதான் தப்புன்னு இருந்தேன்."

அப்பாவு தலையைக் குனிந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. கீழ வெக்கக்கூடாது, சரி. உங்க வூட்டு ஹால்ல அரை நாளு எடமில்லியாண்ணா?"

இடம் இருந்தது. அதை அன்றைக்கே ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் அவரால் மல்லிகாவிடம் சொல்ல முடியவில்லை. படியிறங்கி வந்துவிட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். தீர்மானத்தை நீக்க வேண்டும், கங்கையா குடும்பத்துக்கு நாம் செய்தது அநியாயம் என்று மினிட்ஸில் எழுத வேண்டும் என்றார். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்றார் ஒருவர். எழுதிவைத்தால் கேஸ் கீஸ் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். சந்திரசேகர், தீர்மானத்தை முழுக்க எடுக்க வேண்டாம், ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். 'பிரசிடெண்ட் அனுமதி தந்தால் வைக்கலாம்.' வந்திருந்தவர்களில் அப்பாவு தவிர எல்லோர் கையும் உயர்ந்தது.

அப்பாவு அந்த வரியை எழுத மறுத்து, பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வேறொருவர் எழுதினார். செக்ரட்டரி பதவியும் எழுதியவரிடமே போனது.

தை பிறந்ததும் மல்லிகா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குப்பத்துக்கே போனாள். லாரியில் சாமான் ஏற்றியபோது அப்பாவு போய் ஒரு ட்ரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். "வேணாண்ணா, ஆளு கீது" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். செங்கம்மா மட்டும் லாரி திரும்பும்வரை ரோட்டில் நின்றாள். அன்று முதல் கணவனோடு அவள் பேச்சு சமையலறை, மருந்து, மகனின் போன் என்ற அளவோடு நின்றது. சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வாடகைக்காரரின் தாய் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக ஏழுமலை வந்து சொன்னான். அப்பாவு செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். பிள்ளையைக் கண்டுபிடித்து, "எங்க வூட்ல வெச்சிக்கலாம்பா. மொத மாடிதான். ஹால காலி பண்ணி வெச்சிருக்கோம்" என்றார்.

அந்த மனிதர் அவரை யாரென்று தெரியாமல் பார்த்தார். சொன்ன பிறகு, கைகூப்பிச் சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ் சார். இங்கேர்ந்தே நேரா எடுத்துக்கினு போயிடறோம். உங்க அபார்ட்மெண்ட்ல அதான வழக்கம்? கீழ் வூட்டுக்காரங்க சொன்னாங்க."

அப்பாவு உடலை ஏற்றிய வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தைத் தவிர, மயானத்துக்கு அந்தக் கட்டிடத்திலிருந்து போனவர் அவர் ஒருவர்தான்.